பூமலைக்கு (சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு) எந்த நேரத்தில் போவது? செடி, பூச்சி, சமையல் மூன்றையும் சேர்த்துக் கற்பது பற்றி

நீலச்சங்கு (இழையைத் தொடங்கியவர்) | சனிக்கிழமை, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் பொதுப் பூங்காக்களில் நடக்கும் தோட்டக்கலைப் பயிலரங்குகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இங்கே பலர் இருப்பதால் இதைக் கேட்கிறேன். சென்ற மாதம் என் மகளையும் அவளுடைய தோழர்கள் ஆறு பேரையும் அப்படி ஒரு பயிலரங்குக்கு அழைத்துச் சென்றேன். எந்தப் பூங்கா, யார் நடத்தினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. காலை பதினொரு மணிக்குக் குளிரூட்டிய அறையில் மகரந்தச் சேர்க்கை பற்றிய படக்காட்சி. மதியம் வேறோர் அறையில் மூலிகைத் தேநீரும் கீரைக் கலவையும் செய்து காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் உச்சி வெயிலில் இருபது நிமிட நடை. அந்த நடையில் ஒரு பூச்சிகூட எங்கள் கண்ணில் படவில்லை. வீடு திரும்பும்போது என்ன கற்றுக்கொண்டாய் என்று மகளிடம் கேட்டேன். தேனீ இல்லையென்றால் நமக்குச் சாப்பாடு இல்லை என்றாள். எந்தத் தேனீ, எந்தச் சாப்பாடு என்று திருப்பிக் கேட்டபோது அவளிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் என்னிடமும் இல்லை.

தேசியப் பூங்காக் கழகம் 2016இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வாடகைக்கு விடும் பாத்திகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்றாண்டு ஒப்பந்தம். அதில் கத்தரி, பரங்கி, பீர்க்கு, சங்குப்பூ, ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று என்று அளவுக்கு மீறி நட்டு வைத்திருக்கிறேன். கத்தரி நன்றாகப் பூக்கிறது. ஆனால் பூக்களில் பாதி காம்போடு உதிர்ந்துவிடுகிறது. பரங்கிக்கொடியில் பிஞ்சு சுண்டைக்காய் அளவுக்கு வந்ததும் மஞ்சளாகி வெம்பிப்போகிறது.

இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான்கைந்து வார இறுதிகளில், ஒரு செடி, அதைத் தேடி வரும் உயிர், அதிலிருந்து அடுப்புக்குப் போகும் பண்டம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்ட முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மணிக்கூண்டு | சனிக்கிழமை, இரவு 11:05

அம்மா, உங்கள் பயிலரங்கில் பாடம் தவறில்லை, நேரம்தான் தவறு. பூங்காவுக்குப் பதினொரு மணிக்குப் போவது, சந்தை கலைந்த பிறகு பையை எடுத்துக்கொண்டு போவதைப் போன்றது. ஒவ்வொரு பூவுக்கும் கடை திறக்கும் நேரம் உண்டு. அதன் வாடிக்கையாளர் அந்த நேரத்துக்குத்தான் வருவார்.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். மழைக்காலத்தில் சூரியன் தெரியாத நாட்களில் என் பாட்டி வேலியில் ஏறியிருக்கும் பீர்க்கங்கொடியைப் பார்த்துத்தான் விளக்கேற்றுவார். பீர்க்கம்பூ மாலையில் விரியும். காலையில் விரிவது பரங்கிப்பூ. புடலையும் சுரையும் இரவுப் பூக்கள், இரண்டும் வெள்ளை. மங்கிய ஒளியிலும் கண்ணுக்குத் தெரிகிற அந்த வெண்மை அந்துப்பூச்சிகளுக்கானது. புடலம்பூவின் இதழோரம் சரிகை நூல் பிரிந்ததுபோல் இழை இழையாகத் தொங்குவதைப் பகலில் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் பகலில் அது சுருண்டு கிடக்கும்.

இங்கே ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். 1982ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து சிங்கப்பூர் தன் கடிகாரத்தை, சூரியன் சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் வைத்திருக்கிறது. இங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஆகவே தமிழ்நாட்டுத் தோட்டக்குறிப்பில் காலை ஆறு என்றிருந்தால் நீங்கள் ஏழு என்று படித்துக்கொள்ளுங்கள். செடிக்குத் தெரிந்தது சூரியன் மட்டுமே.

நாம் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டம் காலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவு வரை கட்டணமின்றித் திறந்திருக்கிறது. 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த தோட்டம் அது. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளைவிட இந்த ஐந்து மணி பெரிய வசதி. ஏழேகாலுக்குப் போங்கள், ஒன்பதரைக்குத் திரும்பிவிடுங்கள். மீண்டும் ஒருநாள் மாலை ஆறு மணிக்குப் போங்கள்.

கருவண்டு | ஞாயிற்றுக்கிழமை, காலை 8:12

கத்தரி பற்றி மட்டும் நான் சொல்கிறேன். தேனீ வந்தால் கத்தரி காய்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தத் தேனீ என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கத்தரிப்பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்புபோல் நிற்பவை மகரந்தப்பைகள். மற்றப் பூக்களில் மகரந்தப்பை நெடுக வெடித்துத் தூள் வெளியே தெரியும். கத்தரியில் அது மூடியேதான் இருக்கும். நுனியில் மட்டும் ஊசித் துளை. உப்புக்குப்பியைக் குலுக்கினால்தானே உப்பு விழும், அப்படித்தான் இதுவும். அடுக்குத்தேனீக்கு இப்படிக் குலுக்கும் வித்தை தெரியாது. தச்சுத்தேனீக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். அவை பூவைக் கால்களாலும் தாடையாலும் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமலே, பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவிடும். உடனே மகரந்தம் துளை வழியாக வயிற்றில் கொட்டும். இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது எளிது. பறந்து வரும்போது ஒரு சுருதி. பூவில் அமர்ந்ததும் ஒரு கணம் மௌனம். பிறகு கூர்மையான, துண்டு துண்டான ரீங்காரம். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை துண்டு என்று எண்ணட்டும்.

வண்டு வராத பாத்தியில், மின்சாரப் பல் துலக்கியின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் இரண்டு நொடி வைத்தால் அதே வேலை நடக்கும். கறுப்புத் தாளை அடியில் பிடித்தால் மகரந்தம் விழுவதே தெரியும்.

ஆனால் உதிரும் பூவுக்கெல்லாம் வண்டைக் குறை சொல்லக் கூடாது. கத்தரிச் செடியில் சில பூக்களின் சூல்தண்டு மகரந்தக் கூம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் குட்டையாகி உள்ளேயே மறைந்திருக்கும். குட்டைப் பூக்கள் பெரும்பாலும் காயாவதில்லை, அவை உதிர்வது செடியின் இயல்பு. உங்கள் செடியில் உதிர்ந்த பாதி எந்த வகை என்று பிள்ளைகளிடம் பொறுக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள். பயிலரங்கைவிட அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் அதிகம் கற்பார்கள்.

அஞ்சறைப்பெட்டி | ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2:30

தங்கச்சி, பரங்கிப் பிஞ்சு வெம்புவதற்கு மருந்து கடையில் இல்லை, உன் கையில்தான் இருக்கிறது. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் கழுத்தில் குட்டிக் காய் உருண்டையாக இருக்கும். ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் தனியாக நிற்கும். கொடி முதலில் ஆண் பூக்களாகத்தான் பூத்துத் தள்ளும். பெண் பூ விரிந்த அதே காலையில் மகரந்தம் வந்து சேராவிட்டால் பிஞ்சு வெம்பிவிடும். பத்து மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்து விடு. மிச்சமுள்ள ஆண் பூக்களில் வண்டுக்கென்று இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதைப் பறித்துக்கொள். கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம், வெங்காயமும் தேங்காயும் சேர்த்துப் பொரியலும் செய்யலாம். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் குத்தி வைக்கும் பூவுக்கும் எங்கள் அம்மா ஆண் பூவைத்தான் பறிப்பார். அடியில் காய் உள்ள பூவைத் தொட்டால் கையில் அடி விழும். மகரந்தச் சேர்க்கை என்ற சொல்லை அவர் தம் வாழ்நாளில் கேட்டிருக்கவே மாட்டார்.

இதற்கு அடுத்த வாரம் வாழைப்பூ வாங்கி வா, தேக்காச் சந்தையில் எப்போதும் கிடைக்கும். ஏழு பிள்ளைகளையும் தரையில் செய்தித்தாள் விரித்து உட்காரவை. மடலை ஒவ்வொன்றாக உரித்தால் உள்ளே சீப்புப்போல் வரிசையாகச் சிறு பூக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நடுவில் தலை தடித்து விறைப்பாக நிற்பதைத்தான் கள்ளன் என்கிறோம். அதோடு கண்ணாடிபோல் ஒரு செதிலும் இருக்கும். இரண்டும் வேகாது, ஆகவே இரண்டையும் கிள்ளி எறிகிறோம். நாற்பது ஆண்டுகளாகக் கள்ளன் எடுத்த எனக்கு, அது பூவின் பெண்பாகம் என்று சொன்னது தாவரவியல் படித்த என் மருமகள். தாரில் காய்க்கும் சீப்புகளெல்லாம் பெண் பூக்கள். அதற்குக் கீழே தொங்கும் மொக்கில் இருப்பவை ஆண் பூக்கள். அந்த ஆண் பூக்களுக்குள் வேலையில்லாமல் நின்றுபோன சூல்தண்டுதான் நம் கள்ளன். செதில் என்பது தனியாகப் பிரிந்த ஓர் இதழ். இத்தனையையும் அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்தே கற்கலாம். அரிந்ததை உடனே மோரில் போடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். அன்றைக்குச் சமையல் வாழைப்பூப் பருப்பு உசிலி.

கருவண்டு | ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3:04

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாம் உண்ணும் வாழைக்கு மகரந்தமே தேவையில்லை, சேர்க்கை இல்லாமலே காய் திரளும். அதனால்தான் விதை இல்லை. ஆனாலும் பூவில் தேன் சுரப்பு நிற்கவில்லை. பகலில் மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டு மடலின் மேல் தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும், இரவில் தேன் குடிக்கும் வௌவால் வரும். டுரியான் மரத்துக்கு மகரந்தம் சுமப்பதும் அந்த வகை வௌவால்தான். ஆகவே தேனீ இல்லையென்றால் சாப்பாடு இல்லை என்ற வாசகத்தை வாழையிடம் சொன்னால் அது சிரிக்கும். டுரியானிடம் சொன்னால், எனக்கு வௌவாலைக் கொண்டு வா என்று கேட்கும்.

பதினோராம்மாடி | ஞாயிற்றுக்கிழமை, இரவு 10:20

எல்லாரும் வண்டுகளைக் கொண்டாடுகிறீர்கள். நான் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்குக் கறுப்பு வண்டுகள் பறக்கின்றன. என் மாமியார் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். மேலும், நான் மூன்றாண்டுகளாகப் பாடுபட்டு வளர்த்த கறிவேப்பிலையை இரண்டே வாரத்தில் பச்சைப் புழுக்கள் மொட்டையடித்துவிட்டன. மருந்து அடித்தேன். அதற்குத் தோட்டக் குழுவில் ஒருவர் என்னைக் கொலைகாரனைப்போல் பார்த்தார். சாம்பாருக்குக் கறிவேப்பிலை எனக்கு வேண்டுமா, புழுவுக்கு வேண்டுமா? டெங்கி காலத்தில் கொசுப்புகை அடிக்கும்போதும் இதே முணுமுணுப்பு. பிள்ளைகளுக்குப் பூச்சிப் பாசம் மட்டும் கற்றுக்கொடுப்பது பாதி உண்மையைக் கற்றுக்கொடுப்பதாகும்.

கருவண்டு | திங்கட்கிழமை, காலை 7:48

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் மூன்று விஷயங்களையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள்.

அந்தக் கறுப்பு வண்டு தச்சுத்தேனீ. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அரிது. அது காய்ந்த மரத்தைக் குடைந்து கூடு கட்டும். பூங்காவைத் துடைத்துவைத்ததுபோல் வைத்திருக்கும் நம் ஊரில், பட்ட கிளை ஒன்று கிடைப்பதே அதற்குப் பெரும்பாடு. தோட்டத்தின் மறுகோடியில் இரண்டு உலர்ந்த கட்டைகளை வைத்துப் பாருங்கள், அது உங்கள் மாமியாரின் பாதையைவிட்டு அங்கே குடிபோகக்கூடும்.

கொசுப்புகை விஷயத்தில் டெங்கி விளையாட்டல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொசுவில் பறப்பதை மட்டுமே புகை கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை அது தொடாது. தொட்டியடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டாமல் புகையை மட்டும் அடித்தால், கொசு அடுத்த வாரமே திரும்பி வரும். அதே புகையில் மடியும் தேனீ அவ்வளவு விரைவில் திரும்பாது.

கறிவேப்பிலையில்தான் உண்மையான வழக்கு இருக்கிறது. அந்தப் புழு வளர்ந்தால், தமிழ்நாட்டு ஆர்வலர்கள் கறிவேப்பிலை அழகி என்று அழைக்கும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகும்; எலுமிச்சை அழகியின் புழுவும் அதே இலையைத் தின்னும். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம்போல் பழுப்பும் வெள்ளையுமாக ஏமாற்றும்; பிறகு பச்சையாகும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்புபோல் ஒன்றை வெளியே நீட்டும், ஒரு காரமான நாற்றம் வரும். நான் செய்வது இது: என்னிடம் இரண்டு கன்றுகள் இருக்கின்றன. சமையலுக்கு உள்ள கன்றில் காணும் புழுவைக் குச்சியால் எடுத்து மற்றக் கன்றுக்கு மாற்றிவிடுவேன். பூச்சிமருந்து அடித்த இலையைத் தாளிப்பில் போடுவதைவிட இது எனக்கு நிம்மதி.

பதினோராம்மாடி | திங்கட்கிழமை, பகல் 12:15

இரண்டாவது கன்றுக்கு என் வீட்டு நடைபாதையில் இடமில்லை. ஆனால் மருந்து அடித்த இலை பற்றிய வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

வடலி | திங்கட்கிழமை, இரவு 8:55

வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கு வேலை பார்ப்பவன் நான். மணிக்கூண்டு ஐயா கூறிய பீர்க்கம்பூ நேரக்கணக்கு எங்கள் பக்கமும் இருந்தது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். நீலச்சங்கு அவர்களின் பட்டியலில் ரம்பை இல்லாதது எனக்குக் குறையாகப் படுகிறது. இங்கே பாண்டான் என்று சொல்லும் அதே இலைதான்; நாங்கள் இறைச்சிக் கறிக்குக் கறிவேப்பிலையோடு சேர்த்துப் போடுவோம், இங்கே தேங்காய்ப்பால் சோற்றுக்கும் கூவே பலகாரங்களுக்கும் போடுகிறார்கள். இந்தச் செடி பயிரில் காய்த்ததாக எவரும் கண்டதில்லை. பூப்பதே மிக அரிது. பக்கக் கன்றைப் பிடுங்கி நட்டு நட்டு, மனிதர் கை வழியாகவே தீவு தீவாகப் பரவியது. மஞ்சளும் அப்படியே: பூ அழகாக வரும், விதை பிடிப்பது மிக அரிது, கிழங்கை நட்டுத்தான் வளர்க்கிறோம். வண்டுக்காகக் காத்திருக்கும் கத்தரியையும் எந்த வண்டும் தேவைப்படாத ரம்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் தாமாகவே நல்ல கேள்வி கேட்பார்கள்.

இன்னொன்று: இங்கே ரோஜாக் என்னும் காய்கனிக் கலவையில் மெல்லியதாக அரிந்து போடும் இஞ்சிப்பூ மொட்டின் பெயர் பூங்கா கந்தான். மலாய் மொழியில் பூங்கா என்றாலே பூ. தமிழ்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒரு நாள் முழுக்கச் சிரிப்பார்கள். பூமலையின் இஞ்சித் தோட்டத்தில் அதன் உறவுக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

மணிக்கூண்டு | செவ்வாய்க்கிழமை, காலை 6:30

ஃபோர்ட் கெனிங் குன்றை விட்டுவிட்டோம். 1822இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கிய ராஃபிள்ஸ் அங்கே ஒரு சோதனைத் தோட்டம் அமைத்து ஜாதிக்காயும் கிராம்பும் நடச் செய்தார். 1829இல் அது மூடப்பட்டது. பிற்காலத்தில் தனியார் தோட்டங்களில் ஜாதிக்காய் பரவி, ஆர்ச்சர்ட் சாலைக்குப் பெயர் தந்த தோட்டங்களிலும் அது நின்றது. நோய் தாக்கி 1860களுக்குள் அந்தப் பயிர் அழிந்தது. இன்றைக்குக் குன்றில் உள்ள மசாலாத் தோட்டத்தில் பிள்ளைகளிடம் கேட்க ஒரு நல்ல புதிர் உண்டு. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து வளர்த்தால் பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது, அதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். பூ சிறியது, வெளிறிய மஞ்சள் குடுவைபோல் இருக்கும். அதற்குள் நுழைந்து வருபவை கண்ணுக்கே எளிதில் படாத சின்ன வண்டுகள். பிரியாணியில் போடும் ஜாதிபத்திரி அந்த விதையைச் சுற்றியுள்ள சிவப்பு வலை. அடுப்படி டப்பாவிலிருந்து ஒரு ஜாதிக்காயையும் ஒரு பத்திரியையும் பையில் எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் நின்று காட்டுங்கள். மரத்திலிருந்து எதையும் பறிக்க வேண்டாம். பூங்காச் செடிகளைப் பறிப்பது இங்கே சட்டப்படி குற்றம், கீழே விழுந்ததை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். பார்ப்பதற்குப் பூங்கா, சமைப்பதற்குப் பாத்தியும் தேக்காவும் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

நீலச்சங்கு | ஐந்து வாரங்களுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை, இரவு 9:10

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் காலை பாத்தியில். உதிர்ந்த கத்தரிப்பூக்களைப் பொறுக்கினோம்: முப்பத்தொன்று. அவற்றில் இருபத்திரண்டு குட்டைத் தண்டுப் பூக்கள். என் மகள் இதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வண்டு குற்றவாளி அல்ல என்று தலைப்பும் போட்டாள். எட்டு மணிக்கு நீலப்பட்டைத் தேனீ ஒன்று வந்தது. அந்தத் துண்டு ரீங்காரத்தை எல்லாரும் கேட்டோம். ஆனால் எண்ணிக்கையில் ஏழு பேரும் ஏழு விடை சொன்னார்கள்.

பரங்கியில் நான்கு பெண் பூக்களுக்குக் கையால் மகரந்தம் வைத்தோம். இரண்டு பிடித்தன, ஒன்று இப்போது தேங்காய் அளவு. பஜ்ஜி நிமிடத்தில் தீர்ந்தது. வாழைப்பூ நாள்தான் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை: அக்கா சொன்ன மோரை நான் எடுத்து வைக்க மறந்தேன், பூ முழுக்கக் கறுத்து, பிள்ளைகளின் விரல்களும் கறுத்து, ஒரு தாய் என்னிடம் வருத்தப்பட்டார். உசிலி மட்டும் சுவையாக இருந்தது.

சங்குப்பூ பற்றி யாரும் எழுதவில்லை, நாங்களே கண்டுபிடித்தோம். மற்ற அவரையினப் பூக்களில் பெரிய இதழ் மேலே நிமிர்ந்திருக்கும். இதில் அது கீழே விரித்த பாய்போல் கிடக்கிறது. அதனால் உள்ளே நுழையும் தேனீக்கு மகரந்தம் வயிற்றில் படாமல் முதுகில் படுகிறது. பூவைக் கொதிநீரில் போட்டு வந்த நீலத்தில் சோறு வடித்தோம், பாதிச் சோற்றில் எலுமிச்சை பிழிந்தோம், ஊதாவாக மாறியது. அந்த மாற்றத்தைப் பார்த்து ஒரு பையன் தட்டோடு எழுந்து நின்றுவிட்டான்.

நேற்று மாலைதான் பீர்க்கு. ஆறு மணிக்குக் கொடியருகே பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆறு பத்துக்கு மொக்கின் நுனி நெகிழ்ந்தது. ஆறரைக்குள் இதழ்கள் ஐந்தும் நசுங்கிய மஞ்சள் துணிபோல் சுருக்கங்களோடு விரிந்தன. அருகில் ஒரு காய்ந்த தண்டில் நீலப்பட்டைத் தேனீக்கள் ஆறு, தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு, கால்கள் தொங்க, வரிசையாகத் தூங்கப் போயிருந்தன. பகல் முழுக்கப் பறந்து திரிந்தவை உறங்கும் நேரத்தில் பீர்க்கு கடையைத் திறக்கிறது. ஏழு மணிக்குப் பிறகு ஓர் அந்துப்பூச்சி வந்தது. கைவிளக்கை அடித்ததும் போய்விட்டது. இனி விளக்கின் மேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம்.

பீர்க்கங்காய் மூன்று கிடைத்திருக்கின்றன. சதையைக் கூட்டு வைத்துவிட்டேன். தோலை என்ன செய்வது, அக்கா?

அஞ்சறைப்பெட்டி | ஞாயிற்றுக்கிழமை, இரவு 9:34

எறிந்துவிடாதே. நரம்பை மட்டும் சீவிவிட்டுத் தோலைப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் பச்சை வாசம் போக வதக்கு. உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கொஞ்சம் புளி, இரண்டு கீற்றுத் தேங்காய், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் துவையல். சூடான சோற்றில் பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடு. ஒரு காயை மட்டும் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிடு, விதைக்கும் குளிக்கும் நாருக்கும் ஆகும். அடுத்த முறை மோரை மறக்காதே.